ஒரே வாய்க்கால், மூன்று ஊர்: தண்ணீர்ப் பங்கீட்டிலிருந்து சமாதானத்தைத் தொடங்க ஒரு முழு வழிகாட்டி

இரவு பதினொரு மணிக்கு ஒருவர் டோர்ச் லைட்டோடு வாய்க்கால் கட்டில் நடந்து போகிறார் என்றால், அவர் தண்ணீர் திருடப் போகிறவராக இருக்கலாம், தண்ணீரைக் காவல் காக்கப் போகிறவராகவும் இருக்கலாம். மழை குறைந்த சிறுபோகத்தில் பல வேளை இரண்டும் ஒரே ஆள்தான். மேலே யாரோ ஒரு வாழைக்குற்றியையும் இரண்டு மணல் மூட்டையையும் போட்டு வாய்க்காலை மறித்திருப்பார். இவர் போய் அதை இழுத்து வெளியே போட்டுவிட்டு வருவார். விடியுமுன் அது திரும்பவும் அங்கே கிடக்கும்.

மறித்தவரும் இழுத்தவரும் ஒரே ஊர் என்றால் விஷயம் வாய்த்தகராறோடு முடியும். மிஞ்சினால் கமநல சேவை நிலையத்தில் ஒரு முறைப்பாடு. தலைமடையில் சிங்கள ஊரும் கடைமடையில் தமிழ் ஊரோ முஸ்லிம் ஊரோ இருந்தால் கதை வேறு. இரவில் "மேல்வயல்காரன் மறித்துவிட்டான்" என்று இருந்தது, காலையில் தேத்தண்ணிக் கடைக்கு வரும்போது "அவங்கள் மறிச்சுப்போட்டாங்கள்" என்று ஆகியிருக்கும். ஒருமை பன்மையாகிற அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பதுதான் இந்த வழிகாட்டி.

கிழக்கு மாகாணத்தை, அதிலும் அம்பாறையை, மனதில் வைத்து எழுதுகிறேன். கமக்காரர் அமைப்பில் இருப்பவர்கள், கலப்பு ஊர்களில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தார், ஊருக்குத் திரும்பி வந்து ஏதாவது செய்ய நினைக்கும் இளைஞர்கள் ஆகியோருக்கு இது உதவும். ஒரு போகத்துக்குள் தொடங்கிவிடலாம். பலன் தெரிய மூன்று நான்கு போகம் வேண்டும்.

முதலில், இது நடக்கக்கூடியதுதானா?

நடந்திருக்கிறது, அதுவும் மிக மோசமான இடத்தில்.

அம்பாறையில் கல்லோயா ஆற்று நீர்ப்பாசனத் திட்டத்தின் வேலை 1949 இல் தொடங்கியது. இங்கினியாகலவில் ஆற்றை மறித்ததில் சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் வெளியிலிருந்து, பெரும்பாலும் சிங்களக் குடும்பங்களாக, கொண்டுவந்து குடியேற்றினார்கள். ஆரம்பத்தில் ஒரு குடும்பத்துக்கு 4 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டு நிலமும் கிடைத்தன. இடதுகரை வாய்க்காலின் தலைமடை குடியேற்றங்களுக்குப் போனது. வால் பக்கத்தில் தமிழ் பேசும் விவசாயிகள். 1956 ஜூனில் இதே பள்ளத்தாக்கில்தான் இன வன்முறை வெடித்தது. தண்ணீர்த் தகராறும் இனத் தகராறும் ஒன்றாகத் தெரிவதற்கு இங்கே பூகோளமே காரணமாக இருந்தது: மேட்டில் ஒருவர், பள்ளத்தில் மற்றவர்.

1981 இல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கின. பட்டதாரி இளைஞர்களை அமைப்பாளர்களாகப் பயிற்றுவித்து, வயல் ஊர்களிலேயே தங்கவைத்தார்கள். அந்த வருடம் பெரிய குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. வேலை தொடங்கக் கூடாத வருடம் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் சில வாரங்களுக்குள் விவசாயிகள் தாங்களே வாய்க்கால் தூர்வாரி, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சி, மிச்சம் பிடித்ததைக் கீழே விட்டார்கள்.

1997 சிறுபோகத்தில் இன்னும் பெரிய சோதனை வந்தது. போர் நடந்துகொண்டிருந்த காலம். இருக்கிற தண்ணீர் இடதுகரையில் ஏறத்தாழ 15,000 ஏக்கருக்குத்தான் காணும் என்பது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கணக்கு. விவசாயிகள் அமைப்புகள் பொறுப்பெடுத்து 65,000 ஏக்கரளவு செய்தன. விளைச்சலும் வழக்கத்தைவிடக் குறையவில்லை. மேலே இருந்த சிங்கள விவசாயிகள் கீழே இருந்த தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்டார்கள். யாரும் யாரையும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்ததாகத் தெரியவில்லை. முறைப்படி துருசு, அதாவது மதகு, திறந்தது, அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. வாய்க்காலோடு நடங்கள்

பெரும்போக அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும் மாசி, பங்குனி மாதம்தான் இதற்கு நல்ல காலம். துருசிலிருந்து கடைசி வயல்வரை கால்நடையாக நடங்கள். மோட்டார் சைக்கிளில் போனால் ஒன்றும் தெரியாது.

ஒரு கொப்பியில் எழுதவேண்டியவை: எந்த இடத்தில் கட்டு உடைந்திருக்கிறது, எங்கே யாரும் அனுமதி இல்லாமல் குழாய் பதித்திருக்கிறார்கள், எந்த வயலுக்குப் போன சிறுபோகத்தில் தண்ணீர் எட்டவில்லை, வயலைச் செய்கிறவர் யார், உறுதிக்காரர் யார். கடைசி இரண்டும் ஒரே பெயராக இருக்கும் என்று எண்ணவேண்டாம். கூட்டத்துக்கு வருகிறவர் காணிக்காரர், இரவில் தண்ணீர் கட்டுகிறவர் குத்தகைக்காரர் என்றால், கூட்டத்தில் எடுக்கும் முடிவு வயலுக்குப் போய்ச்சேராது.

தனியாக நடக்கவேண்டாம். தலைமடையிலிருந்து ஒருவர், நடுவிலிருந்து ஒருவர், கடைமடையிலிருந்து ஒருவர் கூட வரட்டும். தலைமடைக்காரர் பலர் தங்கள் வாய்க்காலின் வாலை ஒருநாளும் பார்த்திருக்கமாட்டார்கள். வெடித்துக் கிடக்கும் தரையை நேரில் பார்த்தவருக்கு அதன் பிறகு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

2. பதினைந்து பேரிலிருந்து தொடங்குங்கள்

முழுத் திட்டத்துக்கும் சங்கம், தலைவர், செயலாளர், பொருளாளர், பதாகை என்று தொடங்கினால், அது முதல் நாளே கட்சிக்காரர் கைக்குப் போய்விடும். கல்லோயாவில் அடிப்படை அலகு வயல் வாய்க்கால். ஒரே மடையில் தண்ணீர் எடுக்கும் பத்திலிருந்து இருபது பேர்வரை. இவர்களுக்கு ஒருவரை ஒருவர் முகம் தெரியும், யார் வரப்பை வெட்டி வயலை அகலமாக்குகிறார் என்பதும் தெரியும்.

அந்த அளவில் ஒரு வாய்க்கால் பெரும்பாலும் ஒரே இனத்தவராகத்தான் இருக்கும். பரவாயில்லை. முதலில் ஒவ்வொரு வாய்க்காலும் தனக்குள் ஒழுங்குக்கு வரட்டும். பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் கிளை வாய்க்கால் அளவில் கூடட்டும். அங்கேதான் சிங்களவரும் தமிழரும் முஸ்லிமும் எதிரெதிரே இருப்பார்கள். அப்போது அவர்கள் இனத்தின் பிரதிநிதியாக அல்லாமல், "ஏழாம் வாய்க்கால்", "பதினோராம் வாய்க்கால்" என்று வந்து இருப்பார்கள். கதைப்பதற்கு அது எவ்வளவோ இலகு.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். கிழக்கில் தமிழர், முஸ்லிம் இரு பக்கத்திலும் தாய்வழிக் குடிமுறை உண்டு. வயல் சீதனமாகப் பெண்ணின் பெயரில் இருப்பது இங்கே புதினமல்ல. ஆனால் கூட்டத்துக்கு வருவது புருஷன், அல்லது தமையன். போரில் புருஷனை இழந்து தானே வயல் செய்யும் பெண்களும் உண்டு. இவர்களுடைய தண்ணீர் முறையைத்தான் எல்லோரும் முதலில் பறிப்பார்கள், இரவில் தனியாக வாய்க்கால் கட்டுக்கு வரமாட்டார்கள் என்ற தைரியத்தில். காணியின் பெயர்ப்பட்டியலைப் பார்த்து, பெண்களை நேரே அழையுங்கள். கூட்டத்தைப் பகலில் வையுங்கள்.

மொழி? வயலில் எல்லோருக்கும் சந்தைச் சிங்களமும் சந்தைத் தமிழும் ஓரளவு தெரியும். கூட்டத்துக்கு அது போதாது. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் கிடைப்பார், பல இடங்களில் அவர் முஸ்லிமாக இருப்பார். அவரையே எப்போதும் மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடாதீர்கள். ஏதாவது பிசகினால் இரு பக்கமும் பழியைப் போட அவர்தான் அகப்படுவார். ஆளை மாற்றிக்கொண்டே இருங்கள்.

3. பேச்சுக்கு முன் மண்வெட்டி

முதல் கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் வாய்க்காலில் வையுங்கள். தூர்வாருகிற சிரமதானம், அரை நாள், சோறு கறி எல்லோருக்கும் பொது. "சமாதானம்", "நல்லிணக்கம்" என்ற சொற்களை அழைப்பில் போடவேண்டாம். அந்தச் சொற்களைக் கேட்டுக் கேட்டு இங்கே ஆட்களுக்குக் காது புளித்துவிட்டது. "புட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம்" என்று மேடையில் சொல்லாத அரசியல்வாதி கிழக்கில் இல்லை. தூர்வாரிய வாய்க்காலில் தண்ணீர் முன்னைவிட வேகமாக ஓடுவது மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

பங்கை அளந்து கொடுங்கள். ஏக்கருக்கு இத்தனை அடி என்று நாடாப் பிடித்து முளை அடியுங்கள். வராதவரின் துண்டு தூர்வாராமல் அப்படியே கிடக்கட்டும், தண்ணீர் அங்கே வந்து முட்டி நிற்கும்போது கேள்வி கேட்க நீங்கள் தேவையில்லை.

4. முறைப் பட்டியல்

முழு வேலையின் உயிரும் இதில்தான். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு வாய்க்காலில் 12 வயல், ஒவ்வொன்றும் இரண்டரை ஏக்கர், மொத்தம் 30 ஏக்கர். கிழமைக்கு மூன்று நாள், அதாவது 72 மணித்தியாலம், தண்ணீர் வருகிறது. 72 ஐ 30 ஆல் பிரித்தால் ஏக்கருக்கு 2 மணி 24 நிமிடம், ஒரு வயலுக்கு ஆறு மணித்தியாலம். காலை ஆறு மணிக்கு முதல் வயலில் தொடங்கினால் முதல் இரண்டு பேருக்குப் பகல், அடுத்த இரண்டு பேருக்கு இரவு, பிறகு இரண்டு பகல், இரண்டு இரவு என்று போகும்.

சிக்கல் என்னவென்றால், அடுத்த கிழமையும் அதே காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் மூன்றாம் வயல்காரருக்கும் நான்காம் வயல்காரருக்கும் போகம் முழுக்க நித்திரை இல்லை. இரண்டு மாதத்தில் அவர்கள் பட்டியலைக் கிழித்துப் போடுவார்கள், நியாயமாகவே. அதனால் ஒரு கிழமை தலையிலிருந்து வாலுக்கு, அடுத்த கிழமை வாலிலிருந்து தலைக்கு என்று திருப்புங்கள். அப்படித் திருப்பினால் முதல் கிழமை பகல் கிடைத்தவருக்கு இரண்டாம் கிழமை இரவு, இரவு கிடைத்தவருக்குப் பகல். தாளில் எழுதிப் பாருங்கள், சரியாக வரும். கடைமடைக்காரர் கிழமை விட்டுக் கிழமை முதல் ஆளாக நிற்பார். இதுவரை ஒருநாளும் முதல் ஆளாக நின்றிராதவருக்கு அது சின்ன விஷயமில்லை.

இதில் ஒரு குறை உண்டு. முதல் கிழமை முதலாவதாக எடுத்தவர் அடுத்த கிழமை கடைசியாக எடுக்கும்போது இடையில் ஒன்பதரை நாள் போய்விடும். களித்தரை தாங்கும், கடற்கரைப் பக்கத்து மணல் தரை தாங்காது. அங்கே வரிசையைத் திருப்பாமல், தொடங்கும் நேரத்தை ஒரு கிழமை காலை ஆறு, மறு கிழமை மாலை ஆறு என்று மாற்றிக்கொள்ளலாம். துருசு திறப்பவரோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காய்ந்த வாய்க்கால் நிரம்பவே நேரம் எடுக்கும். அந்த நேரத்தை முதல் ஆளின் ஆறு மணித்தியாலத்தில் கழித்தால் சண்டை வரும். அதை எல்லோருக்கும் பொதுவாக முதலிலேயே ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பங்கிடுங்கள்.

பட்டியல் இரண்டு மொழியிலும் மடைக்குப் பக்கத்தில், தகரத்தில் பெயின்ற்றால் எழுதப்பட்டிருக்கவேண்டும். எண்கள் இரண்டு மொழிக்கும் ஒன்றுதான். "காக்கா, இண்டைக்கு உங்கட முறை பன்னிரண்டு மணியோட முடியுது" என்று ஒரு தமிழ்ப் பெடியன் ஒரு முஸ்லிம் அண்ணனிடம் சொல்லும்போது, அவன் சொல்வது தன் ஆசையை அல்ல, தகரத்தில் இருப்பதை. கோபப்பட ஆள் இல்லாமல் போகிறது.

5. குறைந்த தண்ணீரில் நிறைந்த வயல்

பங்கிடுவதற்கு மிச்சம் இருந்தால்தான் பங்கு. நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் தேங்கி நிற்கவேண்டும் என்பது பழக்கம், தேவை அல்ல. "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று நம் ஆட்கள் சொல்வதை ஆராய்ச்சிக்காரர் ஒரு குழாயால் அளக்கச் சொல்லித்தருகிறார்கள். 30 சென்டிமீட்டர் நீளப் பிவிசி குழாயில் கீழ்ப்பாதி முழுக்கத் துளையிட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனால் அப்போது பாய்ச்சினால் போதும். பயிர் வேர் பிடிக்கும் ஆரம்ப நாட்களிலும், பூக்கும் நேரத்துக்கு ஒரு கிழமை முன்னும் பின்னும் இந்த விளையாட்டு வேண்டாம், தண்ணீர் நிற்கட்டும். ஒழுங்காகச் செய்தால் 30 சதவீதம்வரை தண்ணீர் மிச்சம் பிடிக்கலாம்.

முதல் போகத்தில் எல்லோரிடமும் கேட்கவேண்டாம். தலைமடையில் ஒரு வயல், கடைமடையில் ஒரு வயல் போதும். அறுவடையன்று இரண்டு பக்கத்தாரும் வந்து மூடையை எண்ணட்டும்.

பசளை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2021 இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியது. அதே வருடம் நவம்பரில் அந்த முடிவைக் கைவிட்டது. அதற்குள் விளைச்சல் விழுந்து, அரிசி இறக்குமதி செய்யவேண்டி வந்தது. டொலர் நெருக்கடியும் சேர்ந்து 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. இயற்கை விவசாயம் என்ற சொல்லையே கமக்காரர் முகம் சுளித்துக் கேட்கும் நிலை அதனால்தான் வந்தது. ஆகவே படிப்படியாகப் போங்கள். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே உழுது விடுவது, வரம்பில் கிளிசரியா மரம் நட்டுத் தழையை வெட்டிப் போடுவது, யூரியாவை ஒரேயடியாக வீசாமல் பிரித்துப் போடுவது ஆகிய மூன்றோடு தொடங்கினால் போதும்.

6. கன்னக் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்

ஒவ்வொரு போகத்துக்கும் முன் அதிகாரிகளும் விவசாயிகளும் கூடும் கன்னக் கூட்டத்தில்தான் முதல் தண்ணீர் விடும் திகதி, விதைப்பு முடியவேண்டிய திகதி, எந்த வயது நெல், மாடு வயலை விட்டுப் போகவேண்டிய திகதி, கடைசித் தண்ணீர் என எல்லாம் தீர்மானமாகும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அடிப்படை கொடுத்திருக்கிறது. ஆகவே பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் வேலை நடந்து காட்டிய பிறகு.

கூட்டத்துக்கு முதல் நாள் மூன்று ஊர்ப் பிரதிநிதிகளும் தனியே கூடி, ஒரே திகதியோடு போங்கள். அங்கே போய்ச் சண்டை பிடித்தால் அதிகாரி தனக்கு வசதியான திகதியை வைத்துவிட்டுப் போவார். எல்லோரும் இரண்டு கிழமைக்குள் விதைத்து முடித்தால் தண்ணீரும் மிச்சம், நெல்லைத் தாக்கும் அறக்கொட்டிப் பூச்சிக்கும் வயலுக்கு வயல் தாவ இடம் குறைவு.

குளத்தில் தண்ணீர் போதாத வருடத்துக்கு நம் நாட்டில் பழைய முறை ஒன்று உண்டு, பெத்ம என்பார்கள். குளத்துக்கு அண்மையில் உள்ள வயலை மட்டும் செய்வது, அதைக் கடைமடைக்காரர் உட்பட எல்லாப் பங்காளிகளுக்கும் அந்தப் போகத்துக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பது. இனம் கலந்த இடத்தில் இது கத்திமேல் நடக்கிற வேலை, தன் காணியில் மற்ற ஊரான் இறங்கினால் திரும்பிப் போவானா என்ற பயம் இருக்கும். எழுத்தில் போட்டு, கமநல உத்தியோகத்தரின் கையெழுத்தும் வாங்குங்கள். முறைப் பட்டியலே ஒழுங்காக ஓடாத இடத்தில் பெத்மவைத் தொடவே வேண்டாம்.

7. மாடு

கட்டாக்காலி மாடு ஓர் இரவில் தின்றுவிட்டுப் போவதை ஒரு வருடச் சமாதான வேலையாலும் ஈடுகட்ட முடியாது. மாட்டுக்காரர் ஒரு சமூகம், வயல்காரர் இன்னொரு சமூகம் என்றால் இன்னும் மோசம். மாட்டுக்காரரைக் குற்றவாளியாக அல்லாமல் பங்காளியாகக் கூட்டத்தில் இருத்துங்கள். விதைப்புக் காலத்தில் மாடு எங்கே போகும் என்பதற்குப் பதில் இல்லாமல் "வயலை விட்டு ஓட்டு" என்றால் அவர் எங்கே ஓட்டுவார்? நட்டம் எவ்வளவு என்று மதிப்பிட இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர், ஏக்கருக்கு இத்தனை மூடை என்ற கணக்கு, இரண்டையும் போகம் தொடங்குமுன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அறுவடைக்குப் பின் வைக்கோலும் தாளடியும் மாட்டுக்கு, எரு வயலுக்கு என்ற பழைய கொடுக்கல் வாங்கலையும் எழுத்துக்குக் கொண்டுவரலாம்.

8. நெல் வீட்டுக்கு வந்த பிறகு

எல்லோரும் ஒன்றாக விதைத்தால் ஒன்றாகவே அறுப்பார்கள், விலை விழும். ஈரநெல்லை வயல் வரம்பிலேயே லொறிக்காரருக்குக் கொடுப்பவர் போட்ட காசையே எடுக்கமாட்டார். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுக்க ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு இறங்கவேண்டும். ஆகவே மூன்று ஊருக்கும் பொதுவான ஒரு காயவிடும் தளமும் ஓர் ஈரமானியும், எந்தக் கருத்தரங்கையும்விடப் பெறுமதியானவை. சாப்பாட்டு நெல்லையும் விதைநெல்லையும் ஒதுக்கிவிட்டுத்தான் விற்பது என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள். வீட்டில் நெல் இருப்பவரைக் கலவரத்துக்கு இழுப்பது கொஞ்சம் கஷ்டம், கடனில் இருப்பவரை இழுப்பது இலகு.

எங்கே இது வேலை செய்யாது

காணியே யாருடையது என்ற தகராறு இருக்கும் இடத்தில் முறைப் பட்டியல் உதவாது. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர் 2023 இல் தொடங்கிய போராட்டம் அப்படிப்பட்டது. அங்கே போய் "சேர்ந்து சிரமதானம் செய்வோம்" என்றால், நியாயம் கேட்பவரின் வாயை அடைக்கிற வேலையாகிவிடும். அது சட்டமும் அரசியலும் தீர்க்கவேண்டியது. காணாமல்போனவர்களைத் தேடும் தாய்க்கும் வாய்க்கால் தண்ணீர் பதிலாகாது. யாரும் அப்படிச் சொல்லி நிதி கேட்டால் விலகி நில்லுங்கள்.

இன்னொரு பலவீனம் ஆட்களில். கல்லோயாவின் அமைப்பாளர்கள் நிரந்தர வேலை கிடைக்கக் கிடைக்கப் போய்க்கொண்டே இருந்தார்கள், பலர் ஆசிரியர்களாக. யாரைக் குறைசொல்ல? தாக்குப்பிடித்தது ஊர்க்காரரின் குழுக்கள்தான். ஆகவே வெளியாள் நீங்கள் என்றால், இரண்டாம் போகத்திலேயே கூட்டத்தை நடத்துவதை நிறுத்திவிட்டுப் பின்னால் போய் இருங்கள்.

கடைசியாக, அந்தக் கொப்பி. எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, யார் முறை தவறினார், என்ன பேசித் தீர்த்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் தலைவர் வீட்டில் வைப்பார்கள், தலைவர் பெரும்பாலும் தலைமடைக்காரர். வேண்டாம். மடைச் சாவி தலைமடையில் இருக்கட்டும். கொப்பி கடைசி வயல்காரரின் வாடியில், மழை படாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். தண்ணீர் குறைந்தால் முதலில் தெரிவது அவருக்குத்தான்.